ஒரே விலையைச் சொல்லுங்கள்: இருசக்கர வாகனத் தயாரிப்பாளர்களுக்கும் விற்பனை முகவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். அறந்தாங்கிப் பக்கத்தில் ஒரு கூட்டுறவு வங்கியின் கடன் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நகைக்கடன் சீட்டுக்கு அடுத்தபடியாக அந்த மேசையில் நான் அதிகம் புரட்டிய தாள், இருசக்கர வாகனத்துக்கு உங்கள் கடைகள் எழுதிக் கொடுக்கும் கொட்டேஷன்தான். இயந்திரத்தைப் பற்றி ஒரு மெக்கானிக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்குகூட எனக்குத் தெரியாது. ஆனால் அந்தத் தாளை எனக்கு நன்றாகத் தெரியும். எந்த வரியில் அரசின் பணம் இருக்கிறது, எந்த வரியில் காப்பீட்டு நிறுவனத்தின் பணம் இருக்கிறது, எந்த வரி வெறுமனே வாங்குபவரின் கூச்சத்தை நம்பி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் யாராவது வண்டி வாங்கப் போனால், முன்பணம் கட்டுவதற்கு முன் அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள்.

சென்ற மாதம் அப்படி வந்தவர் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்மணி. அங்கன்வாடிப் பணியாளர். அவருடைய மையம் ஊரிலிருந்து பதினான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. காலைப் பேருந்தைத் தவறவிட்டால் அடுத்தது ஒன்றேகால் மணி நேரம் கழித்துத்தான். சீட்டுப் பணம் எடுத்து, மீதிக்குக் கடன் வைத்து, ஒரு 110 சிசி ஸ்கூட்டர் வாங்குவதாக முடிவு செய்திருந்தார். வழவழப்பான வண்ணத் தாளின் முன்பக்கத்தில் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு குடும்பமும், பின்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவில் அவசரமாக எழுதிய எண்களும் இருந்தன. ஷோரூம் விலை 82,000, எல்டிடி 8,200, இன்சூரன்ஸ் 7,380, பதிவு 1,900, ஃபிட்டிங்ஸ் 4,650, ஹெல்மெட் 1,150, ஹேண்ட்லிங் 1,500, இதர 840. கூட்டுத்தொகை 1,07,620 என்று இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தார்கள்.

"அண்ணே, போர்டுல எண்பத்திரண்டாயிரம்னுதானே போட்டிருந்தாங்க. இந்த 'இதர'ன்னா என்னண்ணே?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. முப்பத்தொரு ஆண்டுகளாகத் தெரியவில்லை. கடைக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். முதலில் எடுத்த பையன் அது சாலையோர உதவித் திட்டம் என்றான்; அவனிடமிருந்து வாங்கிப் பேசிய மேலாளர் அது ஆவணச் செலவு என்றார்.

எந்தக் கடை, எந்த நிறுவனத்தின் வண்டி என்பதை நான் எழுதப் போவதில்லை. ஒரு கடையின் பெயரைச் சொன்னால் மற்றவர்கள் நிம்மதியாக அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவீர்கள். நான் பார்த்த நூற்றுக்கணக்கான தாள்களில் நிறுவனத்தின் சின்னம் மாறியிருக்கிறதே ஒழிய, தாளின் குணம் மாறியதில்லை.

அந்தத் தாளை உங்கள் முன்னிலையில் ஒருமுறை வரிவரியாகப் படித்துப் பார்க்க விரும்புகிறேன். எல்டிடி என்று நீங்கள் சுருக்கி எழுதுவது ஆயுள்கால வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஒரு லட்சம் ரூபாய் வரையிலான இருசக்கர வாகனத்துக்கு விலையில் 10 சதவீதம், அதற்கு மேற்பட்டதற்கு 12 சதவீதம். எனவே 8,200 சரி. பதிவுக் கட்டணம் 300, கடனைப் பதிவுச் சான்றில் ஏற்ற 500, அட்டைக்கும் பிற சில்லறைகளுக்கும் சேர்த்து நீங்கள் எழுதிய தொகையை நான் கேள்வி கேட்கவில்லை. காப்பீட்டைப் பின்னால் பார்ப்போம். எஞ்சியிருக்கும் நான்கு வரிகள், அதாவது ஃபிட்டிங்ஸ், ஹெல்மெட், ஹேண்ட்லிங், இதர ஆகியவை சேர்ந்து 8,140 ரூபாய். மாநில அரசு ஆயுளுக்கும் சேர்த்து வாங்கும் வரி 8,200. உங்கள் கடையின் நான்கு வரிகள் அரசின் ஒரு வரியைக் கிட்டத்தட்ட எட்டிப் பிடித்துவிட்டன.

இன்னொரு கணக்கும் அன்றிரவு போட்டுப் பார்த்தேன். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான இருசக்கர வாகனங்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. இன்று 82,000 ரூபாய்க்கு விற்கும் இந்த ஸ்கூட்டரின் அடக்க விலை அப்படியே இருந்திருக்குமானால், பழைய வரியில் அது ஏறத்தாழ 88,950 ரூபாய் ஆகியிருக்கும். ஆக, வாங்குபவருக்கு ஏறக்குறைய 6,950 ரூபாய் மிச்சம் என்று எல்லோரும் விளம்பரம் செய்தீர்கள், அது உண்மைதான். அந்த மிச்சம் கடை வாசலுக்குள் நுழைந்து, ஃபிட்டிங்ஸ் என்ற பெயரில் காலில் மிதிக்கும் ரப்பர் விரிப்பாகவும், இருக்கை உறையாகவும், முன்னும் பின்னும் போட்ட கம்பிகளாகவும் மாறிப் போனது.

அந்தக் கம்பிகளை வேண்டாம் என்று சொல்லலாமே என்பீர்கள். சொல்லிப் பார்த்தோம். "எல்லா வண்டியிலும் ஏற்கெனவே மாட்டித்தான் இருக்கு மேடம், கழட்டினா பெயின்ட் போயிடும்" என்பது கிடைத்த பதில். ஒரு பொருளை வாங்க வருபவரிடம் வேறொரு பொருளையும் வாங்கியே ஆக வேண்டும் என்று நிபந்தனை போடுவதை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என்று வரையறுக்கிறது. நிபந்தனையை வாயால் சொன்னாலும் திருப்புளியால் சொன்னாலும் அது நிபந்தனைதான்.

அடுத்து வருவது இந்த மடலை எழுத என்னை உட்கார வைத்த விஷயம். ரப்பர் விரிப்பை விடுங்கள், விருப்பமிருப்பவர் வாங்கட்டும். சட்டம் எங்களுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டதை எடுத்து எங்களிடமே விலைக்கு விற்கிறீர்களே, அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 138-ஆவது விதி, இருசக்கர வாகனம் வாங்கும்போது இந்தியத் தர நிர்ணயத்துக்கு உட்பட்ட தலைக்கவசத்தைத் தயாரிப்பாளர் வழங்க வேண்டும் என்று சொல்கிறது. 'வழங்க வேண்டும்' என்ற சொல்லுக்கு 1,150 ரூபாய் என்று உங்கள் கடைகள் பொருள் கொண்டிருக்கின்றன. வேறு சில கடைகளில் இலவசமாகவே தருகிறார்கள். ஆனால் அது எல்லோருக்கும் ஒரே அளவு. எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்மணியின் தலையில் அதை வைத்துப் பார்த்தபோது, குனிந்தால் முன்னால் சரிந்தது, நிமிர்ந்தால் பின்னால் சரிந்தது. தாடைப் பட்டையை இறுக்கியும் இரண்டு விரல் உள்ளே போனது. தலைக்கவசத்தில் ஐஎஸ் 4151 என்ற இந்தியத் தர முத்திரை இருந்தது என்னவோ உண்மை. தலைக்கு அளவெடுத்துக் கொடுத்தால்தான் அந்த முத்திரைக்கு வேலை.

2022-இல் இந்தியச் சாலைகளில் தலைக்கவசம் அணியாமல் சென்று இறந்தவர்கள் 50,029 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து சென்றவர்கள். ஒவ்வொரு வண்டியுடனும் இரண்டு தலைக்கவசம் தர வேண்டும் என்ற வரைவு விதியை அதே அமைச்சகம் 2025 ஜூனில் வெளியிட்டது. விதியின் சொல்லுக்குக் காத்திருக்காமல், வாங்குபவரின் தலைக்கு ஒன்று, பின்னால் உட்காரப் போகிறவரின் தலைக்கு ஒன்று என்று அளவு பார்த்துக் கொடுக்க ஒரு நிறுவனம் முன்வந்தால், அதன் விளம்பரத்தை நானே என் திண்ணையில் ஒட்டி வைப்பேன்.

சேலைக் காப்பின் கதை இதைவிட மோசம். 123-ஆவது விதி, பின்னால் ஒருவர் அமரும் வசதியுள்ள மோட்டார் சைக்கிளில் நிலையான கைப்பிடியும், கால்மிதியும், உடை சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் காப்பும் இருந்தாக வேண்டும் என்கிறது. அது உற்பத்தி செய்யும்போதே இருக்க வேண்டிய உறுப்பு. விருப்பத்துக்கு வாங்கும் அலங்காரப் பட்டியலில் அதற்கு என்ன வேலை? 2019-இல் என் தம்பி மகனுக்கு வாங்கிய மோட்டார் சைக்கிளில் சாரி கார்டுக்கு 650 ரூபாய் தனியாக எழுதியிருந்தார்கள். விதியின் எண்ணைச் சொன்னேன். உடனே அந்த வரியை அடித்துவிட்டு, "சாருக்காக ஃப்ரீ" என்று பக்கத்தில் எழுதினார்கள். எண் தெரியாத மற்றவர்கள் அன்று கட்டியிருப்பார்கள். துப்பட்டாவும் முந்தானையும் சக்கரத்தில் சுற்றி விழுந்தவர்களைப் பற்றி எங்கள் வட்டாரத்து எலும்பு முறிவு மருத்துவரிடம் கேட்டால், 650 ரூபாயை மிச்சம் பிடிக்கும் பொருள் அது அல்ல என்பது தெரியும். அந்த வரி அடியில் 'வேண்டாம்' என்று டிக் போட்டுவிட்டுப் போகும் ஏழைக் குடும்பங்களும் உண்டு என்பதால்தான் அதைத் தனி வரியாக்கியது பெரும் பிழை என்கிறேன்.

மின் ஸ்கூட்டர் விற்பவர்கள் இதில் தங்களுக்குச் சம்பந்தம் இல்லை என்று நினைக்க வேண்டாம். மானியத்துக்கான விலை வரம்புக்குள் வண்டியைக் காட்டுவதற்காகச் சார்ஜரைத் தனியாக விலை போட்டு விற்ற சில நிறுவனங்கள், மத்திய அரசு கேள்வி கேட்ட பிறகு 2023-இல் அந்தப் பணத்தை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டன. சார்ஜர் இல்லாத மின் வண்டியை யார் வாங்கி என்ன செய்வது? அந்தப் பணம் திரும்பி வந்தது போல் சேலைக் காப்பின் பணமும் ஒருநாள் திரும்பி வருமா என்று தெரியவில்லை.

காப்பீட்டுக்கு வருகிறேன். உச்ச நீதிமன்றத்தின் உத்தரவைத் தொடர்ந்து 2018 செப்டம்பர் 1 முதல் புதிய இருசக்கர வாகனத்துக்கு ஐந்து ஆண்டுக்கான மூன்றாம் தரப்புக் காப்பீடு, அதாவது நம் வண்டியால் பிறருக்கு நேரும் இழப்புக்கான காப்பீடு, கட்டாயம். 75 முதல் 150 சிசி வரையுள்ள வண்டிக்கு 2022 ஜூனில் நிர்ணயித்த ஐந்தாண்டுக் கட்டணம் 3,851 ரூபாய். ஜிஎஸ்டி சேர்த்தால் 4,544. எந்த நிறுவனத்திடம் எடுத்தாலும் இதில் வித்தியாசம் இல்லை. வித்தியாசமெல்லாம் மீதியில் இருக்கிறது. சொந்த வண்டியின் சேதத்துக்கான ஓராண்டுக் காப்பீடு, உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு, அதன் மேல் நாங்கள் கேட்காமலே நீங்கள் சேர்க்கும் தேய்மானம் இல்லாத் திட்டம் (உதிரிகளின் தேய்மானத்தைக் கழிக்காமல் இழப்பீடு தருவது) போன்றவை அதில் அடங்கும். தன் பெயரில் காரோ வேறு வண்டியோ வைத்து ஏற்கெனவே அந்த 15 லட்ச ரூபாய்க் காப்பீடு எடுத்திருப்பவர் இரண்டாவது முறை எடுக்கத் தேவையில்லை. இதைக் கடையில் யாராவது வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை.

7,380 ரூபாய் என்று எழுதியிருந்த அதே காப்பீட்டை அன்றிரவு என் மகள் கைபேசியிலேயே வேறொரு நிறுவனத்தில் போட்டுப் பார்த்தாள். 6,150 வந்தது. மறுநாள் கடையில் சொன்னபோது, "வெளியில எடுத்தா டெலிவரி பத்து நாள் தள்ளிப் போகும்" என்றார்கள். முகூர்த்த நாளில் வண்டி வீட்டுக்கு வர வேண்டும் என்று ஆசைப்படும் பெண்ணிடம் பத்து நாள் என்பது எவ்வளவு பெரிய சொல் என்று விற்பனைப் பையனுக்குத் தெரியும். 1,230 ரூபாய்க்கு அவர் நல்ல நேரத்தை விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன். மாத இலக்கு இருக்கிறது. சம்பளத்தைவிட ஊக்கத்தொகைதான் வீட்டுக்கு ஆகிறது. முகவர்களான உங்களுக்கும் நியாயம் உண்டு. வண்டியின் விலையில் உங்களுக்கு விடப்படும் லாபம் மெலிந்தது, கடை வாடகையும் வட்டியும் அதில் அடங்காது, காப்பீடும் கடனும் ஃபிட்டிங்ஸும்தான் கடையைத் தூக்கி நிறுத்துகின்றன என்று எனக்குத் தெரிந்த ஒரு முகவரே மனம் விட்டுச் சொல்லியிருக்கிறார். அப்படியானால் அதைத் தயாரிப்பாளரிடம் கேளுங்கள். 82,000 ரூபாய் என்பது பொய்யான விலையென்றால் 86,000 என்று போர்டில் எழுதுங்கள். 86,000 ரூபாயைப் பார்த்து எங்கள் தெருக்காரர்கள் மயங்கி விழ மாட்டார்கள். ஒவ்வொரு வரியாகச் சேர்த்துக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு கூட்டுத்தொகையைக் காட்டும்போதுதான், 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே' என்ற கூச்சத்தில் தலையாட்டுகிறார்கள். விலை போட்ட வண்டி 1,00,500 ரூபாயாக இருந்தால் இன்னும் வேடிக்கை. 99,500 ரூபாய் வண்டிக்கு ஆயுள்கால வரி 9,950; ஆயிரம் ரூபாய் கூடிய அடுத்த மாடலுக்கு 12,060. ஆயிரத்துக்கு ஆசைப்பட்டு இரண்டாயிரத்து நூறைக் கூடுதல் வரியாகக் கட்டுகிறோம் என்று வாங்குபவருக்கு யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. நிற வித்தியாசத்துக்கும் ஒரு புளூடூத் கருவிக்கும் விலையை ஒரு லட்சத்துக்குச் சற்று மேலே கொண்டுபோய் நிறுத்துபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கடன் என் தொழில் என்பதால் இங்கே சற்று நின்று பேச வேண்டும். உங்கள் கடையின் ஒரு மூலையில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் நிதி நிறுவனத்தின் இளைஞர் எங்கள் பெண்மணியிடம், "பன்னிரண்டு பர்சென்ட்தான் அக்கா, பேங்க் ரேட்" என்றாராம். எண்பதாயிரம் ரூபாய்க் கடன், இருபத்துநான்கு மாதம், மாதத் தவணை 4,133. வட்டி மட்டும் 19,200. எண்பதாயிரத்துக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு சதவீதம், இரண்டு ஆண்டு, கணக்கு சரிதானே என்று தோன்றும். ஆனால் முதல் தவணை கட்டியவுடனேயே அசல் குறையத் தொடங்குகிறது. கடைசி மாதத்தில் நாலாயிரம் ரூபாய்தான் பாக்கி இருக்கும். வட்டியோ எண்பதாயிரத்துக்கே போடப்பட்டிருக்கிறது. குறையும் அசலுக்கு வட்டி கணக்கிடும் வங்கி முறையில் பார்த்தால் இது ஆண்டுக்கு ஏறத்தாழ 21.5 சதவீதம். சொன்னது பன்னிரண்டு, வாங்குவது இருபத்தொன்றரை. அதற்கு 'ஃப்ளாட் ரேட்' என்று பெயர். இந்தக் கணக்கைத் திண்ணையில் சாக்குக்கட்டியால் எழுதிக் காட்டிய நாளில் அந்தப் பெண்மணி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்க மையத்துப் பிள்ளைங்களுக்குக் கூட்டல் சொல்லித் தர்றவ நான்" என்றார்.

சில்லறைக் கடன் எதுவானாலும் ஆண்டு வட்டி விகிதம் எல்லாக் கட்டணமும் சேர்த்து எவ்வளவு என்பதை முக்கிய விவரத் தாள் ஒன்றில் எழுதிக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 அக்டோபர் 1 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. கையெழுத்து வாங்கும் தாள்கட்டின் நடுவில் எங்கோ அந்தத் தாளும் இருக்கும். அதை முதல் தாளாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நிதி நிறுவனம் வேறு, நாங்கள் வேறு என்று சொல்லாதீர்கள். மேசை உங்கள் கடையில்தான் இருக்கிறது.

விலையை விட்டு வண்டிக்கு வருவோம். எங்கள் பெண்மணி ஐந்தடிக்கும் குறைவான உயரம். கடையில் நிறுத்தி வைத்திருந்த ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தபோது இரண்டு கால்களின் பெருவிரல்கள் மட்டுமே தரையைத் தொட்டன. "ஓட்ட ஓட்டப் பழகிடும் மேடம்" என்றான் பையன். ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்குக் கால் தேவையில்லை, நிற்கும்போதுதான் தேவை. ரயில்வே கேட்டில், மணல் சரிந்த தெருமுனையில், முன்னால் ஆடு குறுக்கே வரும்போது ஒரு பாதமாவது முழுதாக ஊன்ற முடியாவிட்டால் 105 கிலோ வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் அவரும் சாய்வார். துண்டுப் பிரசுரத்தில் இருக்கை உயரம் 765 மில்லிமீட்டர் என்று அச்சிடுகிறீர்கள். அகலமான இருக்கை தொடையை விரித்துவிடுவதால் அதே உயரத்தில் ஒல்லியான இருக்கை உள்ள வண்டியில் கால் எட்டும், அகன்றதில் எட்டாது. இது எண்ணில் தெரியாது; உட்கார்ந்தால்தான் தெரியும்.

அதனால் நான் அவரை அனுப்பிச் செய்யச் சொன்ன சோதனைகள் வேறு. பின்னால் கணவரை உட்கார வைத்து நிறுத்திப் பார்க்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டை யார் உதவியும் இல்லாமல் ஒருமுறை போட்டு எடுக்க வேண்டும். சரிவில் பின்னோக்கித் தள்ளிப் பார்க்க வேண்டும். சேலையோடு ஏறி இறங்க வேண்டும். காலடியில் சமையல் எரிவாயு சிலிண்டர் வைக்கும் பழக்கம் எங்கள் ஊரில் உண்டு (கூடாது என்று நீங்களும் நானும் சொன்னாலும் வைப்பார்கள்), அந்தத் தளம் தட்டையா மேடா என்று பார்க்க வேண்டும். இவ்வளவையும் செய்ய ஒரு சோதனை வண்டி வேண்டும். கடையில் இருந்த சோதனை வண்டி 125 சிசி, அவர் வாங்கப் போவதோ 110. "ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்களாம். எடையும் உயரமும் விலையும் வேறு. ஒன்று எதுவென்றால் கடையில் கையிருப்பு அதிகம் உள்ள வண்டியைத் தள்ளிவிட வேண்டும் என்ற அவசரம் மட்டுமே. கடைசியில் அவருக்குக் கால் எட்டிய வண்டி, அவர் முதலில் கேட்டதைவிட விலை குறைந்த, எடை குறைந்த ஒன்று. அதைக் கடையின் பின்வரிசையிலிருந்து தூசி தட்டி எடுத்து வந்தார்கள்.

மைலேஜ் பற்றி அதிகம் எழுத மனமில்லை. எல்லோரும் கேட்கும் கேள்வி அது, எல்லோரும் பூசி மெழுகும் பதிலும் அதுதான். சோதனைக்கூடத்தில் உருளைகள் மேல் ஓட்டி எடுத்த அளவு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் உதவும், வீட்டு வரவு செலவுக்கு உதவாது. நான் மக்களுக்குச் சொல்வது எளிய கணக்கு. நாளைக்கு முப்பது கிலோமீட்டர், மாதம் இருபத்தைந்து நாள் என்றால் 750 கிலோமீட்டர். லிட்டருக்கு அறுபது கொடுக்கும் மோட்டார் சைக்கிள் பன்னிரண்டரை லிட்டர் குடிக்கும்; நாற்பத்தைந்து கொடுக்கும் ஸ்கூட்டர் ஏறத்தாழப் பதினாறே முக்கால். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும் மாத வித்தியாசம் நானூற்றுச் சொச்சம்தான். சேலை கட்டும் பெண்ணுக்கும், இடுப்பு வலிக்காரருக்கும், கியர் பயம் உள்ளவருக்கும் அந்த நானூறு ஒரு பொருட்டல்ல. நாளைக்கு நூறு கிலோமீட்டர் பால் கேனோடு சுற்றுபவருக்கு அது பெரிய தொகை. அதனால்தான் ஐம்பது கிலோ மூட்டையைக் கட்டிக்கொண்டு வயல் வரப்பில் போகும் மொபெட் எங்கள் பக்கத்தில் இன்னமும் சாகாமல் இருக்கிறது. யாருக்கு எந்த வண்டி என்று கேட்கும் முன், 'நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீர்கள், என்ன ஏற்றுவீர்கள், யார் யார் ஓட்டுவார்கள்' என்ற மூன்று கேள்விகளை உங்கள் விற்பனையாளர்கள் கேட்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது. இப்போது அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, 'ரெடி கேஷா, ஃபைனான்ஸா?'

வாங்கிய பிறகான செலவை எந்தப் பிரசுரமும் சொல்வதில்லை. இலவச சர்வீஸ் என்றால் கூலி மட்டுமே இலவசம், ஆயிலுக்கும் பில் வரும் என்பதே முதல் சர்வீஸில்தான் பலருக்குத் தெரிகிறது. ஸ்கூட்டரின் பெல்ட்டும் ரோலரும் இருபதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டும்போது ஒரு செலவு வைக்கும். மோட்டார் சைக்கிளில் செயினும் பல்சக்கரமும் அதே போல. ஐந்து ஆண்டுகளில் இந்த வண்டிக்கு இன்னின்ன உதிரிகள், இன்றைய விலையில் இவ்வளவு ஆகும் என்று ஒரே ஒரு அட்டவணையை விலைப் பலகைக்குப் பக்கத்தில் தொங்கவிட உங்களால் முடியும். எல்லாம் உங்கள் கணினியில் இருக்கிறது. என் கைக்கு வந்த உரிமையாளர் கையேடுகளில் தமிழில் இருந்தவை மிகக் குறைவு. முன்சக்கரத்துக்கு 22, பின்சக்கரத்துக்கு 29, இருவர் சென்றால் 36 என்பது போன்ற காற்றழுத்த எண்கள்கூட ஆங்கிலத்தில் ஒரு சிறு ஸ்டிக்கரில் இருப்பதால், எங்கள் ஊர்ப் பஞ்சர் கடைக்காரர் எல்லா வண்டிக்கும் முப்பது வைத்து அனுப்புகிறார்.

சிறிய கார் விற்பவர்களும் இந்த மடலைப் படிக்க நேர்ந்தால், ஆயுள்கால வரி ஐந்து லட்சம் வரை 12 சதவீதம், பத்து லட்சம் வரை 13 என்பதையும், 'பேசிக் கிட்' என்ற பெயரில் நீங்கள் சேர்ப்பதையும் அதே தாளில் எழுதுங்கள் என்பதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. கார்களுக்காவது 2023 அக்டோபரிலிருந்து மோதல் சோதனையில் பாதுகாப்பை அளக்கும் பாரத் என்கேப் நட்சத்திர மதிப்பீடு என்று ஒப்பிட ஒன்று இருக்கிறது. 2024-25-இல் மட்டும் ஏறத்தாழ 1.96 கோடி இருசக்கர வாகனங்களை வாங்கிய இந்த நாட்டில், பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும் தூரம் எவ்வளவு என்றுகூட ஸ்கூட்டர் வாங்குபவருக்கு யாரும் எழுதித் தருவதில்லை.

நான் கேட்பது ஒரு பக்கத் தாள். தமிழில், அச்செழுத்தில், மாடலின் பெயரோடு. மேலே கடையை விட்டு வண்டி வெளியே வரும் முழு விலை. கீழே அது எப்படி வந்தது என்ற பிரிவு. சட்டப்படி தலைக்கவசமும் சேலைக் காப்பும் அதில் அடங்கியவை என்ற வரி. காப்பீட்டை எங்கும் எடுக்கலாம் என்ற வரி. விருப்பப் பொருட்கள் தனியே, டிக் போடாத வெற்றுக் கட்டங்களோடு. கடனுக்கு ஃப்ளாட் ரேட் அல்லாத ஆண்டு வட்டி. இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. போக்குவரத்துத் துறை சுற்றறிக்கை அனுப்பும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. தயாரிப்பாளர் ஒருவர் தன் முகவர்கள் அனைவருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும். கடையின் பெயர்ப்பலகை எந்த நீலத்தில் இருக்க வேண்டும் என்பதற்கே உங்களிடமிருந்து கண்டிப்பான உத்தரவு போகிறது என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்மணி இன்னும் வண்டி எடுக்கவில்லை. என்னுடைய பழைய வங்கியில் கடனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார், கையெழுத்தாகிவிட்டது. வரும் வளர்பிறை வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு மேல், கணவரையும் என்னையும் கூட்டிக்கொண்டு, வரைவோலையோடு வருவார். பழைய வண்ணத் தாளை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறோம். புதிதாக ஒன்று எழுதி வையுங்கள். ஹெல்மெட்டுக்கு அவர் தலை அளவு 54 சென்டிமீட்டர்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கடன் பிரிவு எழுத்தர் ஒருவர்,
அறந்தாங்கி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.